வியர்வையை நிறுத்தும் மாத்திரை கத்திரியில் வேண்டாம்

மே 4 முதல் 28 வரை கத்திரி. நெய்வேலிச் சுரங்கத்தில் மேல்மண் வெட்டும் இடத்திலும், அனல்மின் நிலையத்தில் பாய்லர் பக்கத்திலும் நிற்பவருக்குச் சட்டை நனைவது நோயல்ல. மின்விசிறிக்கு அடியில் சும்மா இருக்கும்போதும் உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள் சொட்டி, தூக்கத்தில் மட்டும் நின்றால் அதுதான் நோய். பெரும்பாலும் பள்ளி வயதிலேயே தொடங்கிவிடும். விடைத்தாளை நனைக்கும் பிள்ளையைப் பயந்தாங்கொள்ளி என்று திட்டாதீர்கள்.

கிளைகோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின் மாத்திரைகளை மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குப் போகாதீர்கள். கையை மட்டுமல்ல, உடம்பு முழுவதையும் அவை உலர்த்தும். உள்ளே சேரும் சூடு வெளியேற வழியிருக்காது. கண் அழுத்த நோயோ, புராஸ்டேட் வீக்கமோ உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். மருத்துவர் எழுதிக்கொடுத்துச் சாப்பிடுபவர்கள், வெயிலில் வேலை என்பதை அவரிடம் உடனே சொல்லுங்கள்.

இப்போது தொடங்க ஏற்றது பூச்சு மருந்து. மருத்துவரிடம் காட்டி, 20 சதவீத அலுமினியம் குளோரைடை இரவு படுக்கும்முன் நன்றாக உலர்ந்த தோலில் தடவி, காலையில் கழுவுங்கள். ஈரத்தில் தடவினால் எரியும். சவரம் செய்த அன்று வேண்டாம். குறைந்த பிறகு வாரம் ஓரிரு முறை போதும்.

அதற்கும் கேட்காத கை, காலுக்கு அயன்டோபோரசிஸ்: தண்ணீர்த் தட்டில் கையை வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்துவது, ஒரு தடவைக்கு 20 முதல் 30 நிமிடம். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது. மின்சார ஊர்க்காரர்கள்தானே என்று வீட்டிலேயே ஒயர் இழுத்துச் செய்து பார்த்துவிடாதீர்கள்! அக்குளுக்கு போடாக்ஸ் ஊசி சுமார் ஆறு மாதம் தாங்கும்; செலவு அதிகம்.

நெஞ்சுக்குள் நரம்பைத் துண்டிக்கும் அறுவை சிகிச்சையில் கை உலரும். ஆனால் பலருக்கு முதுகு, வயிறு, தொடையில் வியர்வை பெருகிவிடும், அதை மாற்றுவது கடினம். சுரங்கத்தில் வேலை பார்ப்பவருக்கு அது தேவையில்லாத வம்பு என்பேன்.

ஷூ போடுபவர்கள் மாற்றுப் பருத்திக் காலுறை ஒன்றைப் பையில் வைத்திருங்கள். பாதத்தில் சிறுகுழிகளும் நாற்றமும் வந்தால் பவுடர் போதாது, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் வியர்த்து எடையும் குறைந்தால் காசநோய், தைராய்டு சோதனைகள் அவசியம். நிரந்தரத் தொழிலாளர்களுக்கு என்.எல்.சி. மருத்துவமனை இருக்கிறது, மற்றவர்கள் கடலூர் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போகலாம்.

வெயிலில் யாராவது மயங்கினாலோ, பேச்சு குழறினாலோ, வியர்க்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிராமல் நிழலுக்குத் தூக்கி வந்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி, 108ஐ அழையுங்கள்.