ஒளி சொல்லும் வெப்பம்



சென்ற ஆண்டு தேர்வுக்கு முன்னாள் இரவு, ஜீவனஹள்ளியில் நான் குடியிருக்கும் தெரு இருளில் மூழ்கியது. தரைக்கடியிற் செல்லும் மின்சாரக் கம்பி எங்கோ ஓரிடத்தில் சூடேறிக் கருகிவிட்டதாம். அந்த 'எங்கோ' எங்கே என்பதுதான் விளங்கவில்லை. மறுநாள் மாலைவரை மூன்று இடங்களில் பள்ளம் வெட்டினார்கள். என் அறைக்குக் கீழே தையற்கடை நடத்தும் பெரியவர், கல்யாண வீட்டுத் துணிகளை மெழுகுவத்தி வெளிச்சத்தில் தைத்துக்கொண்டே கேட்டார்:

"தம்பி, நீ பௌதிகம் படிக்கிறியே! மண்ணுக்குள்ளே எந்த இடத்திலே சூடு ஏறுதுன்னு மேலேயிருந்தே சொல்ல ஒரு கருவி கிடையாதா?"

எனக்கு விடை தெரியவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரைக்கு வித்து.

கருவி உண்டு. தலைமயிர் போன்ற மெல்லிய கண்ணாடி இழைதான் அது. மின்கம்பியோடு சேர்த்துப் புதைத்துவிட்டால், அதன் நீளம் முழுவதும் வெப்பமானியாகிவிடும். எப்படி என்று பார்ப்போம்.

இழையின் ஒரு முனையில் லேசர் ஒளியை நொடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கு நேரம் மட்டும் செலுத்துகிறோம். அது செல்லும் வழியெல்லாம் சிறிது சிறிதாகச் சிதறுகிறது. சிதறியதில் ஒரு பகுதி புறப்பட்ட முனைக்கே திரும்பி வருகிறது. கண்ணாடியில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆகவே நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு கழித்து வந்த ஒளி, 1 கிலோமீட்டர் தொலைவிலிருந்து திரும்பியது என்று கணக்கிடலாம். ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை இடத்தைப் பிரித்தறிய முடியும். 'எங்கே' என்ற வினாவுக்கு இவ்வாறு விடை கிடைக்கிறது.

'எவ்வளவு சூடு?' என்பதற்கு விடை தருவது இராமன் விளைவு. திரும்பும் ஒளியிற் பெரும்பகுதி நிறம் மாறாமலே வரும். மிகச் சிறு பகுதி மட்டும் நிறம் மாறி வரும். ஒளியைச் சந்தைக்குச் சென்றவனாக எண்ணுங்கள். அவன் வழியிற் கண்டவருக்குச் சில காசு கொடுத்து, மடி இளைத்துத் திரும்பலாம். அதிரும் அணுக்களுக்குத் தன் ஆற்றலைக் கொடுத்துச் சிவப்புப் பக்கம் நகர்ந்த இவ்வொளிக்கு ஸ்டோக்ஸ் ஒளி என்று பெயர். அல்லது, காசு உள்ளவரிடம் வாங்கிக்கொண்டு மடி கனத்துத் திரும்பலாம். அது நீலப் பக்கம் நகர்ந்த எதிர்-ஸ்டோக்ஸ் ஒளி. கொடுப்பதற்கு யாரும் போதும். வாங்குவதற்கோ காசுள்ளவர் வேண்டும். சூடு ஏற ஏற, அதிரும் அணுக்கள், அதாவது காசுள்ளவர், மிகுகின்றனர். எனவே இரண்டாம் வகை ஒளி விரைந்து பெருகுகிறது.

வடிகட்டிகளால் இவ்விரு ஒளிகளையும் பிரித்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் வெப்பநிலை கிடைக்கும். இழை எங்கேனும் வளைந்து ஒளி குறைந்தாலும் இரண்டும் சேர்ந்தே குறைவதால் பிழை பெரிதும் நீங்கும். ஆனால் ஒரு டிகிரி ஏறினால் விகிதம் நூற்றுக்கு ஒரு பங்குகூட மாறுவதில்லை. ஒளியும் மிக மங்கல். ஆதலின் ஆயிரக்கணக்கான முறை ஒளியைச் செலுத்திச் சராசரி காண்கிறார்கள்.

இந்த நிறமாற்றத்தை 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் கல்கத்தாவில் சிறு நிறமாலைக் காட்டி ஒன்றின் வழியே கண்டவர், திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன். வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் உடன் உழைத்தார். அடுத்த மாதம் 16-ஆம் நாள் இராமன் அதைச் சொற்பொழிவாக விளக்கியது நாம் பயிலும் இதே பெங்களூரில்! 1985-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் அவ்வொளியைக் கொண்டு இழையின் வெப்பத்தை அளந்து காட்டினர். இன்று உயர் அழுத்த மின்கம்பிகளிலும் சுரங்கப் பாதைகளிலும் எண்ணெய்க் கிணறுகளிலும் அது காவல் நிற்கிறது.

இவற்றையெல்லாம் அண்மையில் பெரியவரிடம் தமிழிலேயே விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், "சந்தோஷம் தம்பி. நம்ம தெருவுக்கு எப்போ வரும்?" என்றார்.

கருவியின் விலை அதிகம், ஐயா என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினார். முதல் வினாவுக்கு விடை காண எனக்கு ஓராண்டு ஆயிற்று. இரண்டாம் வினா, நண்பர்களே, நம் எல்லாருக்கும் உரியது.