கார்த்திகையில் புல்வெளி வரவேற்பா?

கேள்வி: மகளுக்குக் கார்த்திகை முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். முந்தின நாள் மாலை வரவேற்பை ஈசிஆர் பக்கம் திறந்தவெளிப் புல்வெளியில்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. செல்போன் ஆப் அந்தத் தேதிக்கு இப்போதே ‘மழை 40 சதவீதம்’ என்று காட்டுகிறது. நம்பலாமா?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: அந்த 40-ஐ மறந்துவிடுங்கள், அம்மா. இரண்டு மாதம் கழித்து வரும் ஒரு மாலை நேரத்தை யாராலும் கணிக்க முடியாது. ஆனால் மாதத்தைப் பற்றிச் சொல்லலாம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைப்பது, நவம்பரில்தான் அதிகம். மாசியில் கல்யாணம் என்றிருந்தால் யோசிக்காமல் ‘சரி’ என்றிருப்பேன்.

ஒரு ஆறுதல் உண்டு. ஆடி, ஆவணியில் மேற்கே வெயிலில் திரளும் இடிமழை மாலையும் இரவுமாகத்தான் நகருக்குள் வரும். கார்த்திகை மழை கடலிலிருந்து வருவது. கரையோரத்தில் பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் வலுக்கும். மாலை தப்பிக்க வாய்ப்பிருக்கிறது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. ஐந்து நாள் முன்பிருந்தே வானிலை மைய அறிக்கையைப் பாருங்கள்.

அறிக்கையில் ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்வாசிக்குள் என்று பொருள். ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் முக்கால்வாசிக்கு மேல். ‘கனமழை’ என்பது 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.யிலிருந்து தொடங்குவது. உங்கள் புல்வெளியைக் கெடுக்க அவ்வளவு தேவையில்லை. அரை மணி நேரத்தில் 10 மி.மீ. போதும். ஆகவே ‘மிதமான மழை’ என்று போட்டிருந்தாலும் நிம்மதியடைய வேண்டாம்.

அன்றைக்கு ரேடார் படத்தைத் திறந்து, கிழக்கே கடல்மேல் என்ன வருகிறது என்று பாருங்கள். பகல் 12 மணிக்கு முடிவெடுத்துவிடுங்கள்; சமையல்காரரும் அலங்காரக்காரரும் சாமான்களை இடம் மாற்ற அவ்வளவு நேரம் வேண்டும். அதன்பிறகு வெயிலே அடித்தாலும் மாற்றாதீர்கள்.

சாமியானா இருக்கிறதே என்பார்கள். எங்கள் உறவில் ஒரு வரவேற்பில் துணி தண்ணீர் தேங்கித் தொப்பை போட்டுத் தொங்கியது. புத்திசாலி ஒருவர் கழியால் தூக்கிவிட, அத்தனையும் ரச அண்டாவில்! இடி கேட்டால் அந்த இரும்புக் கம்பங்களுக்கடியில் யாரும் நிற்கக் கூடாது. கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் கட்டடத்துக்குள்தான் இருக்க வேண்டும்.

மகள் ஆசைப்படி புல்வெளியையே பாருங்கள், ஆனால் அதே வளாகத்தில் ஹால் உள்ள இடமாக. மழை என்றால் அந்த ஹாலைத் தருவார்களா, கூடுதல் வாடகை எவ்வளவு என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ரசீதில் எழுதி வாங்கிவிடுங்கள்.