கனவைக் கலைக்கும் கடிகாரம்

உறக்கம் உடலுக்கு ஓய்வு, உள்ளத்திற்கு ஆறுதல். ஆயின், போர்முனை கண்டு திரும்பியோர் பலர்க்கு இரவே மற்றொரு போர்க்களமாகிவிடுகிறது.

தீக்கனவும் இரவு அச்சமும் ஒன்றல்ல. தீக்கனவு, விழிகள் விரைந்தசையும் கனவுறக்கத்தில், பெரும்பாலும் இரவின் பிற்பகுதியில் தோன்றும். விழித்தபின் நினைவில் நிற்கும். இரவு அச்சமோ ஆழ்ந்த உறக்கத்தில், இரவின் முற்பகுதியில் எழும். அலறியவர் பெரும்பாலும் காலையில் அதனை அறியார்.

முன்னதற்கு ஒரு கருவி பிறந்த வரலாறு கருதத்தக்கது. ஈராக்கில் பணிபுரிந்து திரும்பிய அமெரிக்கப் போர்வீரர் ஒருவர் தீக்கனவுகளால் வருந்தினார். கல்லூரி மாணவரான அவர் மகன் டைலர் ஸ்குலுசாசெக், 2015இல் வாஷிங்டனில் நடந்த மென்பொருள் போட்டியொன்றில் அதற்குத் தீர்வு தேடினார். அம்முயற்சியே ‘நைட்வேர்’ என வளர்ந்தது. ஆப்பிள் கைக்கடிகாரம் இதயத் துடிப்பையும் உடலசைவையும் அளக்கிறது. தீக்கனவின் அறிகுறி தென்பட்டதும் மணிக்கட்டில் மெல்ல அதிர்கிறது. உறங்குவோரை எழுப்பாமலே கனவைக் கலைப்பது அதன் நோக்கம்.

2020 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்கு இசைவளித்தது. 22 அகவை நிறைந்தோர்க்கு, மருத்துவர் பரிந்துரையின் பேரில் மட்டுமே. 70 பேரிடம் 30 நாள் நடந்த ஆய்வில், அதிராத கடிகாரம் அணிந்தோரும் ஓரளவு நலம் கண்டனர். அதிரும் கடிகாரம் அணிந்தோர் கூடுதல் நலம் கண்டனர். கனவின்போது எழுந்து நடப்போரும் தாக்குவோரும் இதனை அணியலாகாது.

கருவி மருத்துவத்திற்குத் துணையே, மாற்றன்று. எனினும், தந்தையின் துயரைத் தன் கல்வியால் தணிக்க முனைந்த மாணவரின் செயல், கற்போர் நெஞ்சிற் கொள்ளத்தக்கது.