இன்னைக்கு குழந்தையை யார் பாத்துப்பா? எமர்ஜென்சி ஃபண்ட் இருந்தும் கை கொடுக்காத ஒரு காலை நேரம்

ஆறு மாசச் செலவை எமர்ஜென்சி ஃபண்டா ஒதுக்கி வைங்கன்னு நம்ம சேனல்ல பல தடவை சொல்லியாச்சு. நிறைய பேர் வெச்சும் இருக்கீங்க, சந்தோஷம். ஆனா அந்தப் பணம் பேங்க்ல பைசா குறையாம இருந்தும், காலை 8 மணிக்கு எதுக்கும் உதவாத ஒரு எமர்ஜென்சி இருக்கு. இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

கணவன் மனைவி ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடு. ரெண்டு வயசுல ஒரு குழந்தை. வீட்டுக்கு வந்து குழந்தையைப் பாத்துக்கற அக்கா போன் பண்றாங்க. "ஊர்ல ஒரு சாவு கண்ணு, நாலு நாள் வர முடியாது." உங்களுக்கு பத்தரைக்கு கிளையன்ட் கால். அவருக்கு அன்னைக்கு ஆபீஸ் போயே ஆகணும். அக்கவுன்ட்ல மூணு லட்சம் இருக்கு. அதை வெச்சு இப்போ என்ன வாங்குவீங்க?

கூகுள்ல 'டே கேர் நியர் மீ'ன்னு தேடுவீங்க. நாலு இடத்துக்கு போன் போடுவீங்க. ஒரு இடத்துல எடுக்க மாட்டாங்க. ஒரு இடத்துல "மாசக் கணக்குக்குத்தான் சேர்ப்போம்"பாங்க. இன்னொரு இடத்துல "நாளைக்கு குழந்தையோட வந்து பாருங்க, பேசிக்கலாம்"பாங்க. அவங்க மேல கோபப்படாதீங்க. நல்ல இடம்னா அப்படித்தான் சொல்லும். முன்பின் தெரியாத குழந்தையை, ஒரு பேப்பர் கூட கேட்காம, அரை மணி நேரத்துல வாங்கிக்கறேன்னு சொல்ற இடத்து மேலதான் எனக்கு சந்தேகம் வரும்.

ஆக, அன்னைக்கு உங்களைக் காப்பாத்தறது பணம் இல்ல, முன்னாடியே பண்ணி வெச்ச பதிவு. ஆஸ்பத்திரியில படுத்த பிறகு ஹெல்த் இன்ஷூரன்ஸ் எடுக்க முடியாதுல்ல? அதே மாதிரிதான். பிரீமியத்தை நிம்மதியா இருக்கற மாசத்துல கட்டணும்.

எந்த மாதிரி எமர்ஜென்சின்னு முதல்ல பிரிங்க

நிறைய பேர் எல்லாத்தையும் ஒரே பிரச்சனையா நினைச்சு, "ஒரு டே கேர் பாத்து வெச்சா போதும்"னு முடிச்சுடறாங்க. அது போதாது.

குழந்தை நல்லா இருக்கு, பாத்துக்கற ஆள்தான் வரலைன்னா டே கேர் சரியான பதில். ஆனா குழந்தைக்கு காய்ச்சல், வாந்தி, கண்ணு சிவந்திருக்குன்னா டே கேர்ல சேர்த்துக்க மாட்டாங்க. மத்த குழந்தைங்களுக்கு ஒட்டிக்கும், அதனால சேர்த்துக்கவும் கூடாது. அன்னைக்கு உங்ககிட்ட இருக்கற ஒரே கரன்சி லீவு, இல்லன்னா குழந்தைக்கு நல்லா பழக்கமான ஒரு மனுஷங்க.

மூணாவது வகை மழை. காலையில கலெக்டர் விடுமுறை அறிவிக்கறார், பள்ளிக்கூடம் மூடுது, பல டே கேரும் கூடவே மூடுது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ சென்னையிலயும் பக்கத்து மாவட்டங்கள்லயும் எத்தனை நாள் குழந்தைங்க வீட்டுல இருந்தாங்கன்னு ஞாபகம் இருக்கும். இதுல ஒரு விஷயத்தை கவனிங்க. பல கம்பெனிகள்ல லீவு கணக்கு ஜனவரியில தொடங்கி டிசம்பர்ல முடியும். வடகிழக்குப் பருவமழை வர்றதோ அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும். லீவு பேலன்ஸ் தரை தட்டி நிக்கற நேரத்துலதான் மழை லீவு, சளி, காய்ச்சல் எல்லாம் சேர்ந்து வரும். சின்னக் குழந்தை இருக்கற வீட்டுல, ஆளுக்கு நாலஞ்சு நாளாவது செப்டம்பர் முடியற வரைக்கும் தொடாம வைங்க. கோவா டிரிப் அடுத்த வருஷம் போய்க்கலாம்.

யார் லீவு போடறது?

இந்தக் கேள்விக்கு பெரும்பாலான வீடுகள்ல கணக்கே போடறதில்ல. போட்டாலும் அரைகுறையா போடறாங்க. ஒரு உதாரணம் பார்ப்போம். கணவர் சம்பளம் மாசம் 75,000, மனைவி சம்பளம் 54,000. லீவு தீர்ந்து போய் எல்ஓபி ஆச்சுன்னா, 30 நாள் கணக்குல அவருக்கு ஒரு நாளைக்கு 2,500, இவங்களுக்கு 1,800. "உனக்குத்தானே நஷ்டம் கம்மி, நீயே லீவு போட்டுடு." பேச்சு அங்கேயே முடிஞ்சுடும்.

இது அந்த ஒரு நாளுக்கு சரி. வருஷத்துல பத்து நாள் இப்படி வந்து, பத்தும் ஒரே ஆள் தலையில விழுந்தா? முக்கியமான ரெண்டு ரிலீஸ் அன்னைக்கு இவங்க இல்ல, அப்ரைசல்ல மேனேஜர் அதை எடுத்துப் பேசறாருன்னு வைங்க. 9 சதவீதம் வரவேண்டிய ஹைக் 6 சதவீதமா வருது. அந்த 3 சதவீதம், அதாவது மாசம் 1,620 ரூபாய், வருஷத்துக்கு 19,440. இது ஒரு தடவையோட போறதில்ல. அடுத்த வருஷ ஹைக்கும் இந்தக் குறைஞ்ச சம்பளத்து மேலதான் கணக்காகும். கட்டாயம் இப்படித்தான் நடக்கும்னு நான் சொல்லல. ஆனா நடந்தா, பத்து நாள் டே கேருக்கு ஒரு நாளைக்கு 800ன்னு கொடுத்திருந்தாலும் 8,000தான் ஆகியிருக்கும்.

என் அபிப்பிராயம், காய்ச்சல் மாதிரி டே கேர் உதவாத நாள்ல அரை நாள், அரை நாளா பிரிச்சுக்கோங்க. காலையில ஒருத்தர், மதியம் ஒருத்தர். வொர்க் ஃப்ரம் ஹோம் கிடைக்கற கம்பெனின்னா இன்னும் சுலபம். ஆனா ஒண்ணு, ரெண்டு வயசுக் குழந்தையை மடியில வெச்சுக்கிட்டு முழு நாள் வேலையும் பாக்கறேன்னு மேனேஜர்கிட்ட வாக்கு கொடுக்காதீங்க. குழந்தையும் அழும், வேலையும் கெடும்.

கம்பெனியில கேட்டீங்களா?

2017ல மகப்பேறு நலச் சட்டத்துல ஒரு திருத்தம் வந்துச்சு. 26 வார சம்பள விடுப்பு எல்லாருக்கும் தெரியும். அதே திருத்தத்துல, 50 பேரும் அதுக்கு மேலயும் வேலை செய்யற நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தரணும்னும் இருக்கு. அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை அங்கே போய்ப் பார்க்க அனுமதிக்கணும், ஓய்வு இடைவேளையும் அதுல சேரும். இந்த 50ங்கறது பெண்களை மட்டும் எண்ணறது இல்ல, மொத்த ஊழியர்கள். 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புலயும் இதே 50தான்.

எல்லா கம்பெனியும் பில்டிங்குக்குள்ளேயே காப்பகம் நடத்தறதில்ல. பக்கத்துல இருக்கற டே கேரோட டை-அப் வெச்சிருப்பாங்க. அது மாசக் கணக்குக்கு மட்டுமா, திடீர்னு ஒரு நாள் விடலாமா, கட்டணத்துல கம்பெனி பங்கு எவ்வளவு, அப்பாவா இருக்கற ஊழியரும் பயன்படுத்தலாமான்னு எச்ஆருக்கு இன்னைக்கே ஒரு மெயில் போடுங்க. போன்ல கேட்காதீங்க, எழுத்துல பதில் இருந்தாத்தான் அவசரத்துக்கு உதவும்.

பாட்டிக்கும் டிக்கெட் வேணும்

"எங்க அம்மாவை வரச் சொல்லிட்டா போச்சு." சரி, அம்மா திருநெல்வேலியில இருக்காங்க. இன்னைக்கு காலையில போன் போட்டா எப்போ வந்து சேருவாங்க? தட்கல், ரயில் கிளம்பற நாளுக்கு முந்தின நாள் திறக்கும். ஏசி வகுப்புக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. இன்னைக்கு ராத்திரி ரயிலுக்கான தட்கல் நேத்தே திறந்து முடிஞ்சிருக்கும். இன்னைக்கு கிடைக்கறது நாளைக்கு ராத்திரி ரயிலுக்கு, அதாவது அம்மா எழும்பூர்ல இறங்கறது நாளை மறுநாள் காலை. இன்னைக்கு ராத்திரி பஸ் ஏறினா நாளைக்கே வந்துடலாம், ஆனா 65 வயசுல முழு ராத்திரி பஸ் பயணம் அவங்க முட்டிக்கு ஒத்துக்குமான்னும் யோசிக்கணும். எப்படிப் பார்த்தாலும் முதல் நாளுக்கு பாட்டி வர முடியாது.

இன்னொரு விஷயம், 2025 ஜூலையில இருந்து ஐஆர்சிடிசியில தட்கல் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேணும். உங்க கணக்கை இப்பவே சரிபார்த்து, அம்மா அப்பா பேரை பயணிகள் பட்டியல்ல ஏத்தி வைங்க. கன்ஃபர்ம் ஆன தட்கலை கேன்சல் பண்ணினா பணம் திரும்ப வராதுங்கறதும் ஞாபகத்துல இருக்கட்டும். போக வர ஏசி டிக்கெட், ஆட்டோ, அவங்க மாத்திரை எல்லாத்துக்கும் பணம் ஒதுக்குங்க. அம்மா ஃப்ரீயா கிடைக்கற டே கேர் இல்லீங்க. அவங்களுக்கும் ஊர்ல ஒரு வாழ்க்கை இருக்கு.

சரி, என்ன பண்ணி வைக்கணும்?

ஒரு சனிக்கிழமை ரெண்டு டே கேரை நேர்ல பாருங்க. வீட்டுப் பக்கம் ஒண்ணு, ஆபீஸ் போற வழியில ஒண்ணு. ஒரு நாள் கணக்குக்கு எடுத்துப்பாங்களா, முந்தின ராத்திரி சொன்னா போதுமா, பதிவுக் கட்டணம் எத்தனை நாளைக்கு செல்லும், சாயங்காலம் லேட் ஆனா மணிக்கு எவ்வளவு, உங்களைத் தவிர யார் வந்து குழந்தையைக் கூட்டிட்டுப் போகலாம்னு கேளுங்க. கடைசிக் கேள்விக்கு "யார் வந்தாலும் பரவால்ல"ன்னு பதில் வந்தா, அந்த இடம் வேண்டாம்.

பதிவு பண்ணினதோட விட்டுடாதீங்க. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவையாவது அரை நாள் குழந்தையை அங்கே விடுங்க. முதல் தடவை அழும், மூணாவது தடவை அங்கே இருக்கற பொம்மை ஞாபகத்துக்கு வரும். இதுக்கு என்ன செலவு? பதிவுக்கு 2,000, ஆறு அரை நாளுக்கு 500 வீதம் 3,000ன்னு வெச்சுக்குவோம். வருஷத்துக்கு 5,000, மாசத்துக்கு 420 ரூபாய்கூட இல்ல. ரெண்டு ஓடிடி சந்தா மாதிரி.

குழந்தையோட பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, எதெல்லாம் ஒத்துக்காதுங்கற விவரம், டாக்டர் நம்பர் எல்லாத்தையும் போட்டோ எடுத்து ரெண்டு பேர் போன்லயும் வைங்க. பத்தாயிரம் ரூபாயை தனியா ஒதுக்கி, ரெண்டு பேரும் யுபிஐ-ல எடுக்கற கணக்குல போடுங்க. பல வீடுகள்ல எமர்ஜென்சி ஃபண்ட் ஒருத்தர் பேர்ல எஃப்டியா தூங்குது. அவர் ஃபிளைட்ல இருந்தா முடிஞ்சது கதை.

அபார்ட்மென்ட்ல இதே வயசுக் குழந்தை இருக்கற இன்னொரு வீட்டோட பேசி வைக்கறதும் நல்ல வழி. நீங்க ஒரு சனிக்கிழமை அவங்க குழந்தையைப் பாத்துக்கோங்க, அவங்க ஒரு புதன்கிழமை உங்க குழந்தையைப் பாத்துப்பாங்க. பணக் கணக்கு வேண்டாம், மணிக் கணக்கு போதும். ஆனா முதல்ல உதவறது நீங்களா இருங்க, அப்பத்தான் கேட்கறப்போ கூச்சமா இருக்காது.

ஏஜென்சி மூலமா ஆள் எடுக்கற வழியை நான் கடைசியிலதான் வைப்பேன். "ஒரு மணி நேரத்துல ஆள் அனுப்பறோம், பதிவுக்கு மட்டும் முதல்ல ஜிபே பண்ணுங்க"ன்னு சொல்ற நம்பருக்கு பதட்டத்துல பணம் அனுப்பாதீங்க. அனுப்பி ஏமாந்துட்டா உடனே 1930க்கு கூப்பிடுங்க. உண்மையான ஏஜென்சியாவே இருந்தாலும், வர்றவங்களைப் பத்தி போலீஸ் சரிபார்ப்பு முடிய நாள் ஆகும். முதல் நாளே புது ஆள்கிட்ட குழந்தையைத் தனியா விட்டுட்டு ஆபீஸ் போகாதீங்க. கால் முக்கியம்தான், ஆனா அந்தக் காலை பக்கத்து ரூம்ல உட்கார்ந்து எடுங்க.

உங்க ஏரியாவுல ஒரு நாள் கணக்குக்கு குழந்தையை எடுத்துக்கற நல்ல டே கேர் தெரிஞ்சா, ஏரியா பேரும் கட்டணமும் கமெண்ட்ல போடுங்க. தனி ஆளுங்களோட போன் நம்பர் மட்டும் வேண்டாம். நிறைய பதில் வந்தா, ஏரியாவாரியா பிரிச்சு அடுத்த வீடியோவுல சொல்றேன்.