அயனி கடத்த வருகிற பிள்ளைக்கு

அம்மாடி, செல் சவ்வைத் தாண்டி அயனிகளைக் கொண்டுபோகும் மூலக்கூறுகளைச் செய்யப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். வேதியியலை உன் வழிகாட்டி சொல்லித் தருவார். அவருக்குச் சொல்ல நேரம் கிடைக்காத சிலவற்றை நான் எழுதுகிறேன்.

1. முதலில் வெறும் வெசிக்கிளை ஓட்டு. 200 நானோமீட்டர் கொழுப்புக் குமிழிகள். உள்ளே சோடியம் குளோரைடு, வெளியே சோடியம் நைட்ரேட்டு, வெளிக்கரைசலில் குளோரைடு எலெக்ட்ரோடு. மூலக்கூறைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓவை மட்டும் விட்டுப் பார்; இதுதான் பிளாங்க். எலெக்ட்ரோடு வரையும் கோடு அசையாமல் கிடக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உன் மூலக்கூறு. கடைசியில் டிடர்ஜென்ட் விட்டுக் குமிழிகளை உடைத்து, வெளிவரும் அளவை நூறு சதவீதமாக வைத்துக்கொள். எங்கள் ஆசிரியர் பிளாங்க் இல்லாத வரைபடத்தைக் கையில்கூட வாங்க மாட்டார். மேஜையில் வைத்துவிட்டுப் போகச் சொல்வார். அது அங்கேயே கிடக்கும்.

2. இறுகப் பிடிப்பதையே திறமை என்று எண்ணாதே. குளோரைடை யூரியாவும் ஸ்குவாரமைடும் தம் ஹைட்ரஜன்களால் பிடிக்கும். ஆனால் அக்கரையில் ஆளை இறக்கிவிடாத பரிசல்காரனால் யாருக்கு என்ன லாபம்? பிடிக்கத் தெரிந்தது விடவும் தெரிந்திருக்க வேண்டும். கொழுப்பில் கரையும் குணத்தையும் அளவோடு வை. அது மிஞ்சினால் மூலக்கூறு சவ்வுக்குப் போய்ச் சேராமல் தண்ணீரிலேயே திரிந்து குவெட் என்ற சோதனைக் கலத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தாளில் அழகாகத் தெரிந்த எத்தனையோ அமைப்புகள் அந்தச் சுவரோடு முடிந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

3. நல்ல முடிவு வந்த அன்றுதான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். இதைச் சற்று விரித்தே சொல்கிறேன். எச்பிடிஎஸ் என்ற சாயம் குமிழிக்குள் இருக்கும் அமிலத்தன்மையைக் காட்டும். சாயம் மாறினால், மூலக்கூறு குளோரைடோடு புரோட்டானையும் சுமந்தது என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் நீ வாங்கும் லிப்பிடில் கொழுப்பு அமிலம் துளியளவு ஒளிந்திருக்கலாம். அது புரோட்டானைத் தாங்கிச் சவ்வின் மறுபக்கம் புரளும். அங்கே அதை விட்டபின் எஞ்சும் கார்பாக்சிலேட்டைத் திரும்ப இழுத்து வருவதுதான் உன் மூலக்கூறு செய்த வேலையாக இருக்கும். பல எதிரயனிக் கடத்திகளில் நடப்பது இதுதான் என்று பிலிப் கேலின் குழுவினர் 2016-இல் காட்டினார்கள். ஆல்புமின் புரதம் சேர்த்துக் கொழுப்பு அமிலத்தை அகற்றினால், எது யாருடைய உழைப்பு என்று தெரியும். அதுவரை புகழை வாங்கிக்கொள்ளாதே. ஆல்புமின் ஒன்றும் பெரிய விலையில்லை. மனசுதான் வராது, தெரியுமா?

4. வேண்டாதது வந்தால் உடனே கழுவி ஊற்றாதே. டூபாண்ட் நிறுவனத்தில் சார்லஸ் பெடர்சன் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, 0.4 சதவீத விளைச்சலில் சில வெள்ளைப் படிகங்கள் கிடைத்தன. அவற்றை எடுத்து ஆராய்ந்ததில் பிறந்தவைதான் பொட்டாசியத்தை நடுவே பொதிந்துகொள்ளும் கிரவுன் ஈதர்கள். 1967-இல் அந்தக் கட்டுரை வந்தபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. 1987-இல் நோபல் பரிசு பெற்ற அவரிடம் முனைவர் பட்டம் கிடையாது.

5. "மருந்து" என்ற சொல்லைக் கட்டுரையின் முதல் பத்தியில் தாராளமாகத் தூவாதே. சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் நோயில் குளோரைடு செல்லும் வழி பழுதுபட்டிருக்கும். அதற்கான மரபணு 1989-இலேயே தெரிந்துவிட்டது. பூஞ்சை நோய்க்குக் கொடுக்கும் ஆம்போடெரிசின் பி, இந்த நோயாளிகளின் மூச்சுக்குழாய்ச் செல்களில் பைகார்பனேட்டுக்கு வழி திறக்கும் என்று 2019-இல் காட்டினார்கள். நம்பிக்கைக்கு இடமுண்டு. ஆனால் குளோரைடைச் செல்லுக்குள் சேர்த்து அதைச் சாகடிக்கும் கடத்திகளும் உண்டு. புற்றுநோய்க்காக அவற்றை ஆராய்கிறார்கள். குமிழிக்கும் மனித நுரையீரலுக்கும் உள்ள தூரம் உனக்குத் தெரியும். நோயுள்ள பிள்ளையின் தாய்க்குத் தெரியாது. அவளும் உன் கட்டுரையைப் படிப்பாள்.

6. "உன் முடிவு எங்கள் லேபில் வரவில்லை" என்று யாராவது எழுதினால் கோபித்துக்கொள்ளாதே. உன் மூலக்கூறில் ஒரு குப்பி அனுப்பு. டிஎம்எஸ்ஓ காற்றின் ஈரத்தை இழுக்கும், அதனால் பழைய ஸ்டாக்கை அனுப்பாமல் திடப்பொருளாகவே அனுப்பு. கூடவே, நீ பயன்படுத்திய லிப்பிடின் லாட் எண்ணையும் குறித்து அனுப்பு.