ஒரு மகிழுந்தின் மூலபாடம்

நுழையும்முன்

பழைய பொருளைப் போற்றுவது என்றால் அதனைப் புதியதுபோல் ஆக்கி நிறுத்துவது என்று பலர் எண்ணுகின்றனர். கோயில் சுவரோ, ஓலைச்சுவடியோ, வீட்டுக் கொட்டகையில் நிற்கும் மகிழுந்தோ எதுவாயினும், எதனை மாற்றுவது, எதனைத் தொடாமல் விடுவது என்னும் வினா எழவே செய்யும். அவ்வினாவை ஒரு குடும்பம் தன் கைகளாலேயே எதிர்கொள்வதை இப்பாடம் பேசுகிறது.

1960களில் இந்தியச் சாலைகளில் ஓடிய மகிழுந்து வகைகளைப் பெரும்பாலும் ஒரு கையின் விரல்களுக்குள் எண்ணிவிடலாம். கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசிடர் உருவானது. மும்பையில் ஃபியட் உருவானது. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு உருவானது. அரசிடம் உரிமம் பெற்ற நிறுவனங்கள், அரசு ஒப்பிய அளவில் மட்டுமே ஊர்திகளைச் செய்த காலம் அது. முன்பணம் கட்டியவர் தம் முறை வரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். அப்படி வந்து சேர்ந்த ஊர்தியை மூன்றாண்டில் விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாம் என்று எவரும் எண்ணவில்லை. பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவமனை சென்றதும், பெண் பார்க்கச் சென்றதும், குலதெய்வக் கோயிலுக்குச் சென்றதும் அதே ஊர்தியில்தான். ஓட்டம் நின்று பல்லாண்டுகள் ஆன பின்னும் அது காயலான் கடைக்குப் போகாமல் சில வீடுகளின் கொட்டகையில் நிற்பதற்குக் காரணம் இதுவே.

ஹெரால்டு பிறந்த ஊர் இங்கிலாந்தின் கவென்ட்ரி. 1959-இல் அங்கு 'டிரையம்ப்' என்னும் பெயரோடு அது வெளிவந்தது. அதன் உடலை வடிவமைத்தவர் இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1961-இல் சென்னையில் அதன் உற்பத்தி தொடங்கியபோது, இந்தியர்க்கு முன்பே பழகியிருந்த 'ஸ்டாண்டர்டு' என்னும் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. இங்கிலாந்தில் இரு கதவுகளோடு ஓடிய அவ்வூர்திக்குப் பின்னாளில் நான்கு கதவு வடிவத்தை அமைத்துக்கொண்டது சென்னை நிறுவனமே.

குடும்பமாகக் கூடிப் பழுதுபார்ப்பதற்கென்றே செய்தது போன்ற ஊர்தி அது. அக்காலத்தில் பல மகிழுந்துகளில் உடலும் அடிச்சட்டகமும் ஒன்றாகிவிட்டிருக்க, ஹெரால்டுக்கு மட்டும் தனியான சாஸி இருந்தது. அதன்மேல் உடல் பகுதி பகுதியாக போல்ட்டால் முடுக்கப்பட்டிருக்கும். பானெட்டைத் தூக்கினால் முன்சக்கரங்களின் மேல்மூடிகளும் சேர்ந்து முன்னோக்கிச் சாயும். என்ஜின் மூன்று புறமும் திறந்து நிற்கும். முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே 948 கன செ.மீ. என்ஜினில் வேலை பார்க்கலாம். குறையும் இல்லாமல் இல்லை. வேகமாக வளைவில் திரும்பும்போது பின்சக்கரம் உட்புறமாக மடங்கும் இயல்பு அதற்கு உண்டு. நம் ஓட்டுநர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1972-இல் அதன் வழித்தோன்றலாக வந்த ஸ்டாண்டர்டு கெஸல் ஊர்தியில் பின்புறம் நேர் அச்சு வைக்கப்பட்டது.

இத்தகைய ஹெரால்டு ஒன்று தாம்பரத்தை அடுத்த ஒரு வீட்டில் நிற்பதாகக் கொள்வோம். அதனை வாங்கிய தாத்தா இப்போது இல்லை. பாட்டி இருக்கிறார். மகன், மருமகள், பதினோராம் வகுப்பில் படிக்கும் பேத்தி, ஆறாம் வகுப்புப் பேரன் ஆகியோர் கோடை விடுமுறையில் அதனை மீட்டெடுக்க முனைகின்றனர்.

எவருக்கும் முதலில் தோன்றும் ஆசை, புதிய பேட்டரி ஒன்றை இணைத்துச் சாவியைத் திருப்பிப் பார்ப்பதுதான். அதனைவிடக் கேடு வேறில்லை. நெடுங்காலம் நின்ற என்ஜினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு துருவால் ஒட்டிப்போயிருக்கலாம். வலிந்து சுழற்றினால் வளையம் முறியும்; சுவர் கீறும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் நீர்த்த எண்ணெயைச் சிறிது ஊற்றிப் பல நாள் விட்டுவிட வேண்டும். பின்னர் கியரில் இட்டு ஊர்தியைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். அசைவு தென்பட்டால் நல்லது. இல்லையெனில் மீண்டும் எண்ணெய், மீண்டும் காத்திருப்பு. தொட்டியில் கிடந்த பழைய பெட்ரோலும் பிசினாக மாறிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருக்கும். அவ்வளவையும் துலக்கிய பிறகே சாவியைப் பற்றி நினைக்கலாம்.

அந்தக் காத்திருப்பு நாள்களில்தான் பேத்தியின் வேலை தொடங்குகிறது. ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் அவ்விடத்தை ஒளிப்படம் எடுக்கிறாள். கழற்றியதை ஓர் உறையில் இட்டு எண் எழுதுகிறாள். குறிப்பேட்டில் அந்த எண்ணுக்கு நேராக இடத்தையும் நிலையையும் பதிகிறாள். தம்பிக்கு இது சலிப்பூட்டும். தந்தைக்கும் சலிப்பூட்டும் என்பதே உண்மை. ஆயினும் ஆறு மாதம் கழித்து ஒரே அளவாகத் தோன்றும் நாற்பது போல்ட்டுகளை முன்னால் பரப்பிக்கொண்டு அமரும்போது, அந்தக் குறிப்பேடு இல்லாத குடும்பம் அங்கேயே வேலையைக் கைவிட்டுவிடும். பிரித்துப் போட்டுப் பாதியில் விட்ட ஊர்தி, பிரிக்காமல் துருப்பிடித்து நின்ற ஊர்தியைவிட இரங்கத்தக்கது. துருப்பிடித்ததையேனும் பின்வருபவர் எவரேனும் மீட்க இயலும்.

சில பகுதிகளில் மூலத்தைக் காக்க வேண்டும் என்னும் பேச்சுக்கே இடமில்லை. பிரேக்கின் ரப்பர் வளையங்கள், பெட்ரோல் குழாய்கள், விரிசல் கண்ட மின்கம்பிகள், டயர்கள் ஆகியவை உயிரோடு தொடர்புடையவை. வார்ப்பட்டைகள் நன்றாகத் தெரியும் டயரும் வயதானால் பக்கவாட்டில் வெடிக்கும். இவற்றைத் தயங்காமல் மாற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஊர்தியின் அடியில் எவரும் நுழையக் கூடாது. உறுதியான தாங்கிகள் வேண்டும். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கும் என்பதால் அந்தத் தூசியை வாயால் ஊதுவதும், உலர்ந்த துணியால் தட்டுவதும் தீங்கு. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அதனை நீர் தெளித்தே தேய்க்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பேரனை அவ்வேளையில் வீட்டுக்குள் அனுப்பிவிடுதல் நன்று. அவன் அழுதாலும்.

துருவை நீக்குவதில் ஒரு சோதனை காத்திருக்கிறது. மணலை அழுத்தத்தோடு பீய்ச்சி அடித்தால் துரு ஒரு மணி நேரத்தில் போய்விடும். மெல்லிய தகடு அந்த அடியில் நெளிந்துபோவதும் உண்டு. கோயிற் சுவர்களை இம்முறையில் தூய்மை செய்தால் கல்வெட்டின் எழுத்தும் சேர்ந்து தேய்ந்துபோகும் என்பதை நாம் அறிவோம். பட்டைத்தாளும் கம்பித் தூரிகையும் கொண்டு கையால் தேய்ப்பவர்க்கோ ஒரு நன்மை உண்டு. என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே தேய்க்கலாம்.

அப்படிப் பார்க்கும்போதுதான் வீட்டில் வழக்கு எழுகிறது. ஊர்தி எப்போதும் வெள்ளை நிறம் என்று மகன் உறுதியாகக் கூறுகிறார். அவர் நினைவறிந்த நாள் முதல் அது வெள்ளைதான். இல்லை, வெளிர்நீலம் என்கிறார் பாட்டி. முதுமையின் மறதி என்று மற்றவர்கள் புன்னகைக்கின்றனர். கதவின் உட்பலகையைக் கழற்றியதும் வெயில் படாத தகட்டில் வெளிர்நீலம் அப்படியே ஒளிர்கிறது. வெளிப்புறத்தில் ஒரு நாணய அளவு இடத்தைப் பேத்தி மெல்லத் தேய்க்க, மரத்தின் ஆண்டு வளையங்கள்போல் நிறங்கள் தெரிகின்றன: மேலே வெள்ளை, அதன்கீழ்ச் சாம்பல் நிறப் பிரைமர், அதன்கீழ் நீலம். பாட்டியின் நினைவு தொழிற்சாலையிலிருந்து வந்த நாளுக்குரியது. மகனின் நினைவு பிற்காலத்துக்குரியது. இரண்டும் மெய்யே. அவ்வாறாயின் எதனை மூலம் என்று கொள்வது? வண்டலூரில் பூசிய நிறத்தையா, தாத்தா விரும்பி மாற்றிய நிறத்தையா?

தமிழ் கற்போர்க்கு இந்த வினா புதிதன்று. சீவக சிந்தாமணியை 1887-இலும் புறநானூற்றை 1894-இலும் பதிப்பித்த உ.வே. சாமிநாதர், ஒரே நூலின் பல சுவடிகளை ஒப்புநோக்கினார். ஏடுகள் ஒன்றோடொன்று மாறுபட்டன. பொருந்தும் பாடத்தை மேலே அமைத்து, மற்றப் பாடங்களை அடிக்குறிப்பில் தந்தார், அவற்றை அழித்துவிடவில்லை. சிதைந்த இடத்தில் தம் சொல்லைப் பெய்து செய்யுளை முழுமையாக்கிக் காட்டும் ஆசையும் புலமையும் ஒருவர்க்கு இருக்கலாம். அந்த ஆசையை அடக்கிக்கொள்வதில்தான் பதிப்பாசிரியரின் நேர்மை இருக்கிறது. பழைய ஊர்திகளுக்கான உலகக் கூட்டமைப்பு வகுத்த 'டூரின் சாசனம்' என்னும் நெறிமுறையும் ஏறத்தாழ இதனையே வேண்டுகிறது. உள்ளதை உள்ளவாறு பேணுதல், மேலும் கெடாமல் காத்தல், இழந்ததை மீட்டமைத்தல் என்று அது வேறு பிரித்துப் பேசுகிறது. புதிதாகச் சேர்த்த உறுப்பு புதியது என்று அறியும்படி அடையாளம் இடவும் சொல்கிறது. உறுப்பின் பின்புறத்தில் ஆண்டைச் சிறிதாகப் பொறித்தால் போதும், அதுவே அடிக்குறிப்பு.

தெரிந்து தெளிவோம்

முதற்பதிவு ஆகி 50 ஆண்டுகள் கடந்த, சொந்தப் பயன்பாட்டுக்கான இரு சக்கர, நான்கு சக்கர ஊர்திகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனிப் பதிவு விதிகளை வெளியிட்டது. சாஸி, உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யாமல் மூல வடிவில் பேணப்பட்டிருத்தல் வேண்டும். பதிவெண்ணில் மாநில எழுத்துகளை அடுத்து 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் இடம்பெறும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும். கண்காட்சி, ஆய்வு, பேரணி, எரிபொருள் நிரப்பல், பராமரிப்பு போன்றவற்றுக்கு அவ்வூர்தியைச் சாலையில் ஓட்டலாம். அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட இயலாது.

உறுப்புகளைத் தேடுவது தனிக்கதை. ஹெரால்டு செய்த நிறுவனம் இன்று இல்லை. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகக் கடைகள் வரிசையாக உள்ளன. மாதிரியைக் கையோடு கொண்டுசென்று ஒப்பிட்டு வாங்க வேண்டும். கிடைக்காததை லேத் பட்டறையில் கடைந்துகொள்ள வேண்டும். இவற்றையெல்லாம்விட அரிதாகி வருவது கைத்திறன். டைனமோவின் ஒலியைக் கேட்டே தேய்ந்த புஷ்ஷைச் சொல்லிவிடும் மெக்கானிக்குகள் முதுமை எய்திவிட்டனர். பட்டியை அளவாகப் பூசி, உள்ளங்கையால் தடவியே மேடுபள்ளம் அறியும் டிங்கரிங் தொழிலாளர்களும் அவ்வாறே. அவர்கள் கற்றது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவ்வாறு ஒருவர் வீட்டுக்கு வரும் நாளில் பேத்தி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் குறிப்பேட்டை எடுப்பது நல்லது. பட்டறைத் தமிழுக்கும் அதில் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் விடுவது முறையாகாது. மீட்டெடுத்த ஊர்தியை விற்றாலும் செலவிட்ட தொகை திரும்பி வராமல் போகலாம். அடுத்த ஆண்டு பேத்திக்குக் கல்லூரிக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். ஒரு மாலை மருமகள் கணக்கேட்டைத் திறந்து வைத்து, இவ்வாண்டுக்கு என்ஜினும் பிரேக்கும் போதும், இருக்கைகளும் வண்ணமும் நிற்கட்டும் என்று சொல்லக்கூடும். அவ்வாறு சொல்பவரை ஆர்வத்துக்குப் பகைவர் என்று கருதுவது பிழை. துரு பரவாதபடி பிரைமர் பூசி, தரையீரம் ஏறாமல் தாங்கிகளின்மேல் நிறுத்திவைத்த ஊர்தி இன்னும் ஐந்தாண்டு பொறுக்கும். கல்லூரிச் சேர்க்கை பொறுக்காது. கோயம்புத்தூர் அவிநாசி சாலையிலுள்ள ஜீ.டி. கார் அருங்காட்சியகத்தில் பளபளவென்று நிற்கும் ஊர்திகளைப் பார்த்துத் திரும்புவோர்க்கு உடனே எல்லாம் முடிய வேண்டும் என்னும் வேகம் பிறக்கும். அருங்காட்சியகத்துக்குப் பல கைகள் உண்டு என்பதை அவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

நிறத்தைப் பற்றிய வழக்குக்கு முடிவு காணப் பாட்டியிடமே குடும்பம் சென்றதாகக் கொள்வோம். அவர் நீலத்தைத்தான் கேட்பார் என்று எல்லோரும் எண்ணுவர். வெள்ளை பூசியதன் காரணம் அவருக்கு மட்டுமே தெரியும். வெளியூர்ப் பயணத்தில் வலக்கதவு நசுங்கியதும், அந்த நீலம் கடைகளில் கிடைக்காமல் தாத்தா விடுமுறை நாள்களில் தம் கையாலேயே ஊர்தி முழுவதும் வெள்ளை பூசியதும் அவர் சொல்லித்தான் மற்றவர்க்குத் தெரிகிறது. டிக்கி மூடியின் உட்புறத்தில் தூரிகையின் கோடுகள் இன்றும் தெரிகின்றன. வெளியே நீலம் பூசுவது என்று முடிவாகிறது. டிக்கி மூடியின் உட்புறத்தை மட்டும் தேய்க்காமல் விடுகின்றனர். குறிப்பேட்டில் அதற்கும் ஓர் எண் இடப்படுகிறது: '112. டிக்கி மூடி, உட்புறம். வெள்ளை. தாத்தா பூசியது. மாற்றவில்லை.'

கற்பவை கற்றபின்...

உங்கள் வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றைத் தெரிவுசெய்க. தையல் இயந்திரம், வானொலி, மிதிவண்டி, திருகை என எதுவாகவும் இருக்கலாம். அதில் செய்யப்பட்ட மாற்றங்களை மூத்தோரிடம் கேட்டறிந்து, எது மூலம், எது பின்னர்ச் சேர்ந்தது என்று பிரித்துக் குறிப்பு எழுதுக.

தாத்தா பூசிய வெள்ளையையே ஊர்தி முழுவதும் பேணியிருக்க வேண்டும் என்று வாதிடும் ஒருவரின் கூற்றாக ஒரு பக்க உரை எழுதி வகுப்பில் படிக்க.