எழுத்துக்குத் துருப்பிடிக்க வைக்கலாம்!

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் கம்பெனி கேட்டுகளில் எழுத்துகள் பளபளக்கும். சற்றுத் தள்ளி, ஓரம் அரித்துப்போன தகர போர்டுகளையும் பார்க்கலாம். அந்தப் பழைய தோற்றத்தை வீடியோ டைட்டிலில் கொண்டுவருவது எப்படி? அடோபி ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் இதற்கு ரஃபன் எட்ஜஸ் என்ற எஃபெக்ட் உள்ளது. இது சந்தா கட்டிப் பயன்படுத்தும் மென்பொருள். ஏழு நாள் இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம்.

உதாரணத்துக்கு இந்த ஊர்க் கதையையே எடுத்துக்கொள்கிறேன். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் செல்போன் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. வரி வழக்கு காரணமாக இந்தத் தொழிற்சாலை அதில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-இல் உற்பத்தி நின்றது. எனவே நமது டைட்டில்: "ஸ்ரீபெரும்புதூர் 2006 – 2014".

தமிழ் எழுத்துக்கான ஏற்பாடு

எடிட் மெனுவில் ப்ரிஃபரன்ஸஸ் சென்று டைப் பகுதியைத் திறந்து, சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன் என்பதைத் தேர்வு செய்யுங்கள். இல்லையெனில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரியலாம். பிறகு புதிய ப்ராஜெக்ட் ஒன்றைத் தொடங்குங்கள். 1920 × 1080 அளவு, வினாடிக்கு 24 ஃபிரேம், நீளம் 6 வினாடி போதும்.

எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழ் போல்டு வையுங்கள். இது இலவசம். ஓரத்தைத்தான் அரிக்கப்போகிறோம் என்பதால் மெல்லிய எழுத்து வேண்டாம்.

எஃபெக்ட் கொடுக்கும் முறை

1. டெக்ஸ்ட் லேயரைத் தேர்வு செய்து, எஃபெக்ட் மெனுவில் ஸ்டைலைஸ், அதில் ரஃபன் எட்ஜஸ் என்பதை க்ளிக் செய்யுங்கள்.

2. எட்ஜ் டைப் பட்டியலில் ரஸ்டி என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

3. பார்டர் என்பதுதான் அரிப்பின் ஆழம். முதல் ஃபிரேமில் இதை 0 ஆக்கி, அருகிலுள்ள ஸ்டாப்வாட்ச்சை க்ளிக் செய்யுங்கள். ஐந்தாவது வினாடிக்குச் சென்று 8 ஆக்குங்கள். 2006-இல் சுத்தமாக இருந்த எழுத்து, 2014 நோக்கி மெல்ல அரித்துக்கொண்டே போகும்.

4. ஸ்கேல் அளவைக் குறைத்தால் அரிப்பு பொடியாகும், கூட்டினால் திட்டுத்திட்டாகும். நான் 60 வைப்பேன்.

எவல்யூஷன் என்ற அளவை இங்கே அசைக்காதீர்கள். அசைத்தால் ஓரம் கொதிக்கும் தண்ணீர்போல் ததும்பும். துரு ததும்பாது, இருந்த இடத்திலேயே பரவும். கையால் அச்சடித்ததுபோன்ற துடிப்பு வேண்டுமானால் மட்டும் மூன்று ஃபிரேமுக்கு ஒருமுறை எவல்யூஷனை மாற்றிக் கீஃபிரேம் வையுங்கள். அவற்றின்மேல் ரைட் க்ளிக் செய்து டாகிள் ஹோல்டு கீஃபிரேம் கொடுங்கள். வினாடிக்கு எட்டுமுறை துடிக்கும்.

புள்ளியைக் காப்பாற்றுங்கள்

ஆங்கிலப் பாடங்கள் சொல்லாத விஷயம் இது. பார்டர் கூடினால் முதலில் காணாமல் போவது நம் மெய்யெழுத்துப் புள்ளிதான். புள்ளி போனால் "கண்" என்பது "கண" ஆகிவிடும். ஊர்ப் பெயரில் பிழை வந்தால் ஸ்டைல் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இதற்கு ஒரு வழி உண்டு. கண்ட்ரோல், டி விசைகளை அழுத்தி லேயரை நகலெடுங்கள். மேலுள்ள நகலில் "ம்", "ர்" புள்ளிகளைச் சுற்றி மட்டும் எலிப்ஸ் டூலால் மாஸ்க் வரையுங்கள். அந்த நகலில் ஐந்தாவது வினாடியின் பார்டரை 2 ஆக மாற்றுங்கள். மற்ற பகுதி எவ்வளவு அரித்தாலும் புள்ளி நிற்கும்.

முடிக்கும் முன் ப்ரிவ்யூ அளவை 25 சதவீதமாக்கிப் பாருங்கள். பெரும்பாலோர் வீடியோவைச் செல்போனில்தான் பார்க்கிறார்கள். அந்த அளவில் வாசிக்க முடியாவிட்டால் பார்டரைக் குறையுங்கள்.

இன்னொரு யோசனை. அந்த வளாகத்தில் 2020-இல் சால்காம்ப் நிறுவனம் செல்போன் சார்ஜர் உற்பத்தியைத் தொடங்கியது. ஆகவே "2020" என்ற இன்னொரு டெக்ஸ்ட் லேயரை எந்த எஃபெக்டும் இல்லாமல் ஐந்தாவது வினாடியில் தோன்றச் செய்யுங்கள். துருப்பிடித்த எழுத்துக்குப் பக்கத்தில் சுத்தமான எழுத்து வரும்போதுதான் இரண்டுக்கும் அர்த்தம் கிடைக்கிறது. செய்து பாருங்கள்.